மணிக்கட்டில் எண்பத்தெட்டு

தொண்ணூற்றிரண்டு. முதல் சுற்றே தொண்ணூற்றிரண்டு விநாடி. பக்கத்தில் கோச் ஜெயசிங் சார் தன் ஸ்டாப்வாட்சைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறார். நான் தண்ணீர் பாட்டிலின் மூடியை இறுக்குகிறேன், அது ஏற்கெனவே இறுகித்தான் இருக்கிறது. எண்பத்தெட்டு என்றுதானே எழுதிக் கொடுத்தேன். ஆறு மணிக்கு, வார்ம் அப் முடித்து வந்த இசக்கியம்மாள் இடது கையை நீட்டினாள், ஒவ்வொரு போட்டிக்கு முன்னும் நீட்டுவது போலவே. மணிக்கட்டின் உள்பக்கம், நரம்பு தெரிகிற இடத்தில், ஒரு சுற்றுக்கு எத்தனை விநாடி என்று நீலப் பேனாவால் நான் எழுதுவேன், அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள், வேண்டாம் என்று எத்தனை தடவை சொன்னாலும் ஒற்றிக்கொள்வாள். முதல் எட்டின் நடுவில் பேனா நின்றது. மை வரலையா மேடம் என்றாள். வருது, வருது என்றேன். அந்த ஒரு நிமிடத்தில் ஒன்பதும் இரண்டும் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. எட்டு, எட்டு. பத்தாயிரம் மீட்டர், இருபத்தைந்து சுற்று, பதினொரு பெண்கள், திருச்சி மைதானத்தில் வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று ஆறரைக்கே துப்பாக்கியைச் சுட்டுத் தொடங்கிவிட்டார்கள். முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு அவளுடைய விண்ணப்பத்தை வாங்கிக்கொள்வார்கள். நாலாவது வந்தால் வாங்க மாட்டார்கள். அடுத்த மாதம் அவளுக்கு இருபத்தைந்து முடிகிறது, அதற்குப் பிறகு முதலாவதாக வந்தாலும் வாங்க மாட்டார்கள். இரண்டாவது சுற்று. தொண்ணூற்றிரண்டு. முன்னால் ஐந்து பேர் கொத்தாகப் போகிறார்கள், இவள் எட்டாவதாக, மஞ்சள் பனியன், சின்னக் கொண்டை, தலையை லேசாக வலப்பக்கம் சாய்த்துக்கொண்டு ஓடுவது அப்படியே இருக்கிறது. ஏன் தொண்ணூற்றிரண்டு? நான் பயந்தது வேறு. எண்பத்தெட்டில் கிளம்பி, பத்தாவது பன்னிரண்டாவது சுற்றில் கால் மரத்துப்போய், வாயைப் பிளந்துகொண்டு ஓரமாக நடக்க ஆரம்பிப்பாள் என்றுதான் முந்தாநாளிலிருந்து பயந்துகொண்டிருக்கிறேன். ராத்திரி கண்ணை மூடினால் அதுதான் வந்தது. இப்போது முதல் சுற்றிலேயே கால் போய்விட்டதா? நாலு மாதமாக நான் அவளைத் தேய்த்தே முடித்துவிட்டேனா?

அந்த எண்பத்தெட்டு பொய். அது எனக்குத் தெரியும், இந்த மைதானத்தில் வேறு யாருக்கும் தெரியாது. எங்கள் விளையாட்டு அறிவியல் மையத்து டிரெட்மில்லில் ஜூன் முதல் வாரத்தில் உருளை மாற்றினார்கள். மாற்றினால் பெல்ட்டின் வேகத்தைச் சரிபார்க்க வேண்டும். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பெல்ட்டின் ஓரத்தில் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டி, யாரையாவது மேலே ஓடவிட்டு, அது இருபது தடவை சுற்றி வருவதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பெல்ட்டின் நீளம் மூன்றரை மீட்டர், இருபது சுற்றுக்கு எழுபது மீட்டர், திரையில் பதினாறு கிலோமீட்டர் காட்டினால் பதினைந்தே முக்கால் விநாடி ஆக வேண்டும். மாதம் ஒரு தடவை செய்து ரிஜிஸ்தரில் டிக் போட வேண்டியது என் வேலை. ஜூனில் டிக் இருக்கிறது. ஜூலையில், ஆகஸ்டில், செப்டம்பரிலும் இருக்கிறது. பிளாஸ்திரி ஒட்டியது முந்தாநாள்தான். அதுவும் ஏன் ஒட்டினேன்? வேலூரிலிருந்து வந்த ஒரு பையன் ஆறு வாரம் காய்ச்சலில் கிடந்துவிட்டு, நேராக வந்து பழைய அளவைத் தாண்டி ஓடினான். காய்ச்சலில் படுத்து யாரும் வேகம் கூட்ட முடியாது. மத்தியானம் சாப்பிடாமல் பிளாஸ்திரியைத் தேடினேன். பதினாறு புள்ளி ஐந்து எட்டு வந்தது. திரும்ப எண்ணினேன். பதினாறு புள்ளி ஐந்து எட்டு. மூன்றாவது தடவை எண்ணும்போதே தெரிந்துவிட்டது, ஆனாலும் எண்ணினேன், ஏழு தடவை எண்ணினேன், என்னவோ எட்டாவது தடவை அந்த இயந்திரம் மனமிரங்கும் என்பது போல. திரை பதினாறு என்கிறது, பெல்ட் பதினைந்து புள்ளி இரண்டில்தான் ஓடுகிறது. நாலு மாதமாக அந்த இயந்திரத்தில் ஓடிய பதினான்கு பேருக்கும் நான் எழுதிக் கொடுத்த அட்டவணை எல்லாம் ஐந்து சதவீதம் பொய். பதினான்கு பேரில் பதின்மூன்று பேருக்கு இன்னும் நேரம் இருக்கிறது. இவளுக்குத்தான் முந்தாநாளுக்கு அப்புறம் இரண்டே நாள் இருந்தது.

ஐந்தாவது சுற்று முடிகிறது. ஏழு நிமிடம் நாற்பது. என் கணக்குப்படி ஏழு இருபதில் முடித்திருக்க வேண்டும், என் கணக்கு என்று சொல்ல இன்னும் வாய் கூசவில்லை பார். சீராகத்தான் ஓடுகிறாள், ஒரு சுற்றுக்கும் இன்னொரு சுற்றுக்கும் அரை விநாடிகூட வித்தியாசம் இல்லை. மார்ச்சில் சோதனை செய்தபோது பதினைந்து புள்ளி இரண்டு. அதற்கு மேல் போனால் களைப்பு ரத்தத்தில் தேங்க ஆரம்பித்துவிடும். அந்த வேகத்தைக் கண்டுபிடிக்கத்தான் மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை ஓட்டத்தை நிறுத்தி, காது மடலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தம் எடுப்போம். அப்புறம் மூன்று மாதம் நான் போட்ட அட்டவணை. ஜூனில் திரும்பச் சோதித்தால் பதினாறு. வரைபடத்தில் கோடு அப்படியே வலப்பக்கம் நகர்ந்திருந்தது. அந்தக் கோடு நகர்வதைப் பார்க்கத்தானே பதினோரு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். உடலியலில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு ஆஸ்பத்திரி வேலைக்குப் போகாமல் இதற்கு வந்தபோது அம்மா ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை. ஆராய்ச்சிப் பட்டம் வாங்கிய பிறகு பெண் பார்க்க வந்தவர்கள், ஓட்டப் பந்தயத்துக்கு எல்லாம் ஒரு டாக்டரா, பி.டி. டீச்சர்னு சொல்லுங்களேன் என்று கேசரியைச் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்கள். கால்பந்து கிளப்பில் மூன்று வருடம், விளையாட்டுக்காரர்களின் சிறுநீரை நிறம் பார்த்துப் பார்த்து எழுதினேன். சைக்கிள் அணியோடு ஊட்டி மலையில் ஜீப்பில் பின்னாலேயே போய் வாந்தி எடுத்தேன். அதற்கெல்லாம் சேர்த்து இந்த ஒரு கோடு. ஜூலையில் ஹைதராபாத் மாநாட்டில் திரையில் அதைப் போட்டபோது முன்வரிசையில் ஒரு வெள்ளைத்தாடிக்காரர் செல்போனில் படம் எடுத்தார். டாக்டர் சுகிர்தா, மூன்று மாதத்தில் ஐந்து சதவீதமா, ரொம்ப அபூர்வம் என்றார். அபூர்வம் என்று ஒருவர் சொன்ன இடத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். சந்தோஷம்தான் வந்தது. ஊருக்கு வந்ததும் ஜூலை மாத டிக்கைப் போட்டேன், பிளாஸ்திரி எதற்கு, கோடுதான் நகர்ந்திருக்கிறதே. உண்மையில் அது ஒரு நூல்கூட நகரவில்லை. மார்ச்சிலும் பதினைந்து புள்ளி இரண்டு, ஜூனிலும் பதினைந்து புள்ளி இரண்டு. என் மூன்று மாத அட்டவணை அவளுக்கு ஒன்றுமே செய்யவில்லை. இதைக் காலையில் பல் தேய்க்கும்போது நினைத்துப் பார்த்தேன், நுரையைத் துப்பக்கூட மறந்து நின்றேன்.

“புள்ள பின்னால இழுக்கே மேடம். சத்தம் போடவா?” ஜெயசிங் சார்தான். ஒன்பதாவது சுற்று. அவர் கோவில்பட்டிப் பக்கம் அவளைப் பள்ளிக்கூட நாளிலேயே பிடித்து ஓடவிட்டவர், இப்போது போட்டிக்கு மட்டும் வருகிறார், மற்றதெல்லாம் என் பொறுப்பு என்று விட்டுவிட்டார். மிஷின் எல்லாம் வெச்சுப் பாக்கிறவங்களுக்குத் தெரியாததா என்பார், அதில் கிண்டல் எவ்வளவு மரியாதை எவ்வளவு என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரிந்ததில்லை. சத்தம் போட்டால் அவள் வேகம் கூட்டுவாள். வேகம் கூட்டினால் நான் பயந்தது நடக்கும். வேண்டாம் சார், விட்டுடுங்க என்கிறேன். ஏன் என்று பார்க்கிறார். வெயில் இருக்குல்ல சார் என்கிறேன். வெயில் இன்னும் காலரியின் மேல்படிக்கே வரவில்லை, அவர் அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறார். முந்தாநாளே சொல்லியிருக்கலாம். போனை எடுத்தேன், இசக்கி என்ற பெயரின் மேல் விரலை வைத்தேன், வைத்தபடியே இருந்தேன். போட்டிக்கு இரண்டு நாள் முன்னால் நம்பிக்கையைக் கலைக்கக்கூடாது, அது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாடப்புத்தகம் என் பக்கம் பேசுவது எவ்வளவு சௌகரியம். பச்சை உண்மை என்னவென்றால் எனக்கு வெட்கம். டைரக்டர் ரிஜிஸ்தரைக் கேட்பார், டிக்கைப் பார்ப்பார், ஹைதராபாத் தாடிக்காரருக்கு யாராவது எழுதுவார்கள், அம்மா என்னம்மா ஆச்சு என்பாள். இதெல்லாம் போட்டி முடிந்த பிறகு ஆகட்டும் என்று தள்ளினேன். அவள் ஜெயித்துவிட்டால் சொல்லவே வேண்டியிருக்காது என்றுகூட ஒரு ஓரத்தில் நினைத்தேன், நினைத்தேனா, ஆமாம், நினைத்தேன். பேனா நின்றது அதனால்தான். திரும்ப ஓடியதும் அதனால்தான்.

பன்னிரண்டு. பதின்மூன்று. அவள் விழவில்லை. முன்னால் போன ஐந்து பேரில் ஒருத்தி பிய்ந்து பின்னால் வருகிறாள், முகம் வெளுத்திருக்கிறது, இசக்கி அவளைத் தாண்டுகிறாள், தாண்டுகிறோம் என்ற நினைப்புகூட இல்லாதவள் போல. தொண்ணூற்றிரண்டு. எப்படி? எண்பத்தெட்டு எழுதிய கையை ஆட்டிக்கொண்டு எப்படித் தொண்ணூற்றிரண்டு ஓடுகிறாள்? சரியான எண்ணை யார் அவளுக்குச் சொன்னது? நான் பிளாஸ்திரி ஒட்டி, பெருக்கி, வகுத்து, முந்தாநாள் சாயங்காலம் ஒரு துண்டுத்தாளில் கண்டுபிடித்த எண் அது. தொண்ணூற்றிரண்டு, மிஞ்சினால் தொண்ணூற்று மூன்று. அந்தத் தாளைக் கிழித்துக் கழிப்பறையில் போட்டேன். அப்படியானால் அவளால் இதற்கு மேல் முடியவில்லை, அதுதான். எண்பத்தெட்டுக்கு முயற்சி செய்கிறாள், கால் தொண்ணூற்றிரண்டுதான் தருகிறது, உள்ளே அழுதுகொண்டு ஓடுகிறாள். ஆனால் முகம் அப்படி இல்லையே. தினமும் காலையில் வாட்ஸப்பில் வரும் அவள் செய்தி. ஆறு தடவை ஆயிரம் மீட்டர், சுற்றுக்குத் தொண்ணூறு, துடிப்பு நூற்றறுபத்தெட்டு. துடிப்பு காட்டுகிற வாட்ச் அவளிடம் கிடையாது. தினக்கூலிக்கு விளையாட்டு டீச்சராக இருக்கிற பள்ளிக்கூடத்து மைதானத்தில் தனியாக ஓடிவிட்டு, கழுத்தில் இரண்டு விரல் வைத்துப் பத்து விநாடி எண்ணி ஆறால் பெருக்கி அனுப்புவாள். நான் லேப் தாளோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். பதினாறில் துடிப்பு நூற்றறுபத்தெட்டு என்று லேப் சொன்னது, மைதானமும் நூற்றறுபத்தெட்டு என்றது. அச்சு மாதிரிப் பொருந்தியது. பொய்யான இயந்திரத்தோடு மைதானம் எப்படிப் பொருந்தும்? இதை ஏன் நான் முந்தாநாள் யோசிக்கவில்லை? நிஜமாகவே தொண்ணூறு ஓடியிருந்தால் அவள் துடிப்பு நூற்றெண்பதைத் தாண்டியிருக்க வேண்டுமே. ஜூனில் மூன்று வாரம் மட்டும் அவள் செய்திகள் தாறுமாறாக இருந்தன, முடியல மேடம், கெண்டைக்கால் வலிக்கு மேடம் என்று. உன்னால முடியும் இசக்கி, ரிப்போர்ட் சொல்லுது, உடம்பு சோம்பேறித்தனம் பண்ணும், அதைக் கேக்காத என்று எழுதினேன். அதற்குக் கைகூப்பும் பொம்மை ஒன்று போட்டாள். நாலாவது வாரத்திலிருந்து எல்லாம் அச்சு மாதிரி.

இருபதாவது சுற்று முடியும்போது அவள் நாலாவது. முன்னால் இரண்டு பேர் எங்கோ போய்விட்டார்கள், அவர்களைப் பிடிக்க முடியாது. மூன்றாவதாக ஊதாப் பனியன் போட்ட நெட்டைப் பெண், எட்டு விநாடி முன்னால். அந்தப் பெண்ணின் தோள் காதுவரை ஏறிவிட்டது, கை குறுக்கே ஆடுகிறது, இன்னும் ஐந்து சுற்று அவளுக்கு நரகம். இருபத்தொன்றில் ஏழு விநாடி. இருபத்திரண்டில் ஆறு. ஜெயசிங் சார் எழுந்து கம்பியருகே போய்விட்டார், நானும் போகிறேன், பாட்டில் எங்கே என்று தெரியவில்லை. இசக்கி எங்களைத் தாண்டும்போது மூச்சைக் கவனிக்கிறேன். இரண்டு காலடிக்கு உள்ளே, இரண்டு காலடிக்கு வெளியே. இருபத்துமூன்றாவது சுற்றில் இன்னும் இரண்டுக்கு இரண்டு. தாடை தளர்ந்திருக்கிறது. பதினோரு வருடத்தில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன், முடிந்துபோனவர்கள் இப்படி மூச்சு விட மாட்டார்கள். அவளிடம் இன்னும் இருக்கிறது. கத்த வேண்டும். இருக்கு இசக்கி, போ என்று கத்த வேண்டும். வாயைத் திறக்கிறேன். ஆனால் தாள் தொண்ணூற்றிரண்டு என்றல்லவா சொன்னது, அதற்கு மேல் போனால் மடிந்து விழுவாள் என்றல்லவா சொன்னது, என் கண் சொல்வதை எதை வைத்து நம்புவது, நாலு மாதமாக எதைப் பார்த்து எதைச் சரி என்று சொல்லியிருக்கிறேன்? மணி அடிக்கிறது. கடைசிச் சுற்று, நாலு விநாடி. ஜெயசிங் சார் தொண்டை கிழிய, “விரட்டுட்டீ, விரட்டு” என்று கத்துகிறார். அவள் தலையைத் திருப்பி அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். ஒரு கணம்தான். நான் என்ன முகம் காட்டினேனோ தெரியாது, வாய் திறந்தபடியே இருந்தது, சத்தம் வரவில்லை. அவள் திரும்பிக்கொண்டு அதே ஓட்டத்தை ஓடினாள். சிறிது கூட்டினாள், கடைசி நூறில் இன்னும் சிறிது. ஊதாப் பனியன் கோட்டைத் தாண்டித் தொப்பென்று விழுந்தது. முப்பத்தெட்டு நிமிடம் பதினாறு விநாடி. இசக்கி முப்பத்தெட்டு பதினெட்டு. கோட்டைத் தாண்டிய பிறகும் விழாமல், கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, நின்றாள். அவள் அப்படி நின்றதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

இப்போது அவள் வேலியோரம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறாள், நான் தண்ணீரை நீட்டியபடி குந்தியிருக்கிறேன். ஜெயசிங் சார் இருமிக்கொண்டே அதிகாரிகள் மேசைப் பக்கம் போய்விட்டார், போகும்போது என்னைப் பார்க்கவில்லை. இரண்டு விநாடி. ஒரு தும்மலுக்கு ஆகிற நேரம். தண்ணீரை வாங்கினாள், குடிக்கவில்லை. “மேடம், ஒண்ணு சொல்லணும். ஏசக்கூடாது” என்றாள். சொல்லு என்றேன். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். நாலு மாதமாக அவள் அனுப்பிய நேரம் எல்லாம் பொய்யாம். துடிப்பு மட்டும் நிஜமாம். தொண்ணூறு ஓடச் சொன்னேனே, மூன்று வாரம் செத்துப் பிழைத்து ஓடிப் பார்த்தாளாம், படியேற முடியவில்லையாம். அப்புறம் துடிப்பு நூற்றறுபத்தெட்டு வருகிற வேகத்தில் ஓடியிருக்கிறாள், தொண்ணூற்றைந்து வந்திருக்கிறது, அதைத் தொண்ணூறு என்று எழுதி அனுப்பியிருக்கிறாள். அதனால் இன்றைக்கும் எண்பத்தெட்டை அவள் முயற்சிகூடச் செய்யவில்லை, முடியாது என்று தெரிந்தே தன் இஷ்டத்துக்கு ஓடினாளாம். “நீங்க சொன்னபடி ஓடியிருந்தா வேல கெடச்சிருக்கும். மிஷின் முடியும்னுதான சொல்லுச்சு. நாந்தான் ஏமாத்திட்டேன்” என்றாள். மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டாள். அவள் பொய்யும் என் பொய்யும் நாலு மாதமாக ஒன்றையொன்று தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கின்றன, அவள் சரியான வேகத்தில் தயாராகி வந்திருக்கிறாள், என்னால் அல்ல. இப்போதும் நான் வாயை மூடிக்கொண்டால் போதும். குற்றத்தை அவளே எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள், நான் பரவால்ல இசக்கி, விடு என்று முதுகில் தட்டிக்கொடுக்கலாம், பெருந்தன்மையான மேடம் என்று ஆயுசுக்கும் நினைப்பாள். அந்த நினைப்பு வந்துபோனது, எவ்வளவு நேரம் என்று அளக்கவில்லை. அதற்குள் அவள் மெதுவாக, தனக்கே சொல்வது போல, “கடைசி ரெண்டு ரவுண்டுல இன்னும் இருந்துச்சு மேடம். காலு போவோம் போவோம்னு கேட்டுச்சு. ஆனா நாலு மாசமா ஒடம்பு சொன்னது எதுவும் சரியில்லைல்லா. அதான் நம்பல” என்றாள்.

பெல்ட் மெதுவா ஓடுச்சு இசக்கி என்றேன். அவளுக்குப் புரியவில்லை. உருளை மாற்றியதை, பிளாஸ்திரியை, டிக்கை, பதினாறு புள்ளி ஐந்து எட்டை எல்லாம் முன்னும் பின்னுமாகச் சொன்னேன், இத்தனை வருடம் வகுப்பெடுத்த எனக்கு ஒன்றைக் கோவையாகச் சொல்ல வரவில்லை. மிஷின்தான் தப்பு, உன் உடம்பு சொன்னது அத்தனையும் சரி, தொண்ணூற்றைந்துதான் சரி, இன்னைக்கு ஓடினதும் சரி என்றேன். உன்னை சோம்பேறின்னு எழுதினேனே என்றபோது எனக்கு அழுகை வந்துவிட்டது, அவள் அழவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தாள். கோபப்படுவாள் என்று காத்திருந்தேன், கோபப்பட்டால் தேவலை என்றிருந்தது. பாட்டிலைக் கீழே வைத்தாள். இடது கையைத் திருப்பி மணிக்கட்டைப் பார்த்தாள். வியர்வையில் ஓரம் கலங்கியிருந்தது, ஆனாலும் எட்டும் எட்டும் நன்றாகத் தெரிந்தன. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “காலைல எழுதும்போது தெரியுமா மேடம்?” என்று கேட்டாள்.

“தெரியும்.”

மைக்கில் பெயர்களைப் படிக்க ஆரம்பித்துவிட்டார்கள். மூன்று பெயர்தான் படிப்பார்கள். அவள் தலையை லேசாக வலப்பக்கம் சாய்த்துக்கொண்டு, வழக்கம்போல இரண்டு விரலைக் கழுத்தில் வைத்து உதடு அசைய எண்ணத் தொடங்கினாள். பத்து விநாடி ஆனதும் விரலை எடுத்தாள். எவ்வளவு என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.